எங்கே என்ற வரி

புதன்கிழமை. ஒன்பது மணிக்குப் புதிய நிரலை ஏற்றினேன்.
கொம்பனித்தெருவில் நாலாம் மாடி.
யன்னலுக்குக் கீழே பேர வாவி
பச்சையாய், சும்மா கிடந்தது.

ஒன்பது பதினேழுக்கு
பிரான்சிஸ்கா சவரிமுத்து
எங்கள் காஸ் கம்பனியின் படிவத்தைத் திறந்தார்.
கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு
வீடு மாறியிருந்தார்.
புது விலாசத்தைத் தட்டினார், 'சேமி' என்பதை அழுத்தினார்.
அவர் செய்தது அவ்வளவுதான்.

மீதியை நான் முந்தின இரவே செய்துவிட்டிருந்தேன்.

கவனமாய்த்தான் எழுதினேன்.
தொலைபேசி இலக்கம் பத்துத்தானா,
வெறுமையாய் விட்ட பெட்டி
பழைய விலாசத்தை விழுங்கிவிடுமா,
டி'சில்வாவின் பெயருக்குள் தொங்கும் சின்னக் கொக்கி
கட்டளையை நடுவில் முறிக்குமா.
பெயருக்குப் பதிலாக யாரும்
கத்தி அனுப்பினாலும்
அதையும் ஒரு பெயராகவே வாங்கி வைக்கும்படி செய்தேன்.
பொத்தானை இரண்டு தரம் குத்தும்
அவசரக்காரருக்கும் இடம் வைத்தேன்.

ஒரு வரியை மட்டும் சோதனைக்காக மறைத்தேன்,
மறைத்ததை மறந்தேன்.
இயந்திரத்தின் பாஷையில் அந்த வரி
'எங்கே' என்று தொடங்கும்.
எந்த வரிசையில் மாற்றவேண்டும், யாருடையதைத் தொடக்கூடாது,
அதுதான் சொல்லும்.

சோதனை அட்டவணையில் நான் ஒருத்திதான் இருந்தேன்.
ஒருத்தி மட்டும் குடியிருக்கும் ஊரில்
எங்கே என்று கேட்க என்ன இருக்கிறது?
எல்லாம் சரி என்றது திரை.
பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்
நன்றாக நித்திரை கொண்டேன்.

ஆகவே ஒன்பது பதினேழுக்கு
பதினெட்டாயிரத்து இருநூற்றுப் பதினாறு பேர்
வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கையொன்றில்,
மூன்றாம் மாடி இடதுகைக் கதவுக்குக் குடிவந்தார்கள்.
மட்டக்குளி மீன்காரரும்
கறுவாத்தோட்டத்துத் தூதரகமும்
தெமட்டகொடை இடியப்பக் கடையும்
மருதானையில் கந்தூரிக்குச் சமைக்கும் அடுப்பும்
ஒரே அழைப்புமணிக்குப் பின்னால்.
இந்த நகரம் இத்தனை ஒற்றுமையாய் இருந்து
நான் கண்டதில்லை.

சேவையகம் முறைப்படவில்லை.
'வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று
பிரான்சிஸ்காவுக்கு நன்றி சொன்னது.
பிறகு ஒன்றரை மணித்தியாலம்
கொழும்பில் வேறு யாரும் வீடு மாறவில்லை.

பத்தே முக்காலுக்கு அவருடைய அழைப்பு:
"பிள்ளை, வாசலில இருபத்தாறு சிலிண்டர் நிக்குது.
லொறிக்காரன் கலியாண வீடோ எண்டு கேக்கிறான்.
நான் ஒண்டுதான் கேட்டனான்,
அதுவும் அடுத்த மாசத்துக்கு."
கொஞ்சம் மூச்சு வாங்கி:
"அந்த வருசம் ரெண்டு பகல், ஒரு இரவு,
வெறுஞ் சிலிண்டரைச் சங்கிலி போட்டுப் பூட்டி
வரிசையில நிண்டனான்.
என்ர முறை வர, முடிஞ்சுது எண்டாங்கள்.
இப்ப கொண்டுவந்து கொட்டுறியள்."

நாங்களும் அதை வரிசை என்றுதான் சொல்வோம்,
ஆளுக்கு ஒன்று, அட்டவணைக்குள்.
நான் அதை விளக்கப் போகவில்லை.

நள்ளிரவுப் பிரதியிலிருந்து மீட்டோம்.
நுஸ்ரா எண்ணிக்கொண்டு வந்தாள்,
நான் வாவியைப் பார்த்தேன்.
பதினெட்டாயிரம் குடும்பம் வீடு திரும்ப
நாலு நிமிசம்.
ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு விலாசம் மாற்றிய
பன்னிரண்டு பேர்
விட்டுவந்த வீடுகளுக்கே திரும்பிப் போனார்கள்,
பிரான்சிஸ்காவும் கொட்டாஞ்சேனைக்கு.

ஒவ்வொருவராய் அழைத்தேன்.
"இப்ப எங்கே இருக்கிறீங்கள்?"
ஏழாவது ஆள், கனகேஸ்வரன்,
ஒன்றும் பேசவில்லை.
பின்னால் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம்.
"ஆர் கேக்கிறது?"
காஸ் கம்பனி, ஐயா.
"ஓ."
பிறகுதான் வீட்டு இலக்கத்தைச் சொன்னார்,
மெதுவாய், இரண்டு தரம்.
அந்தக் கேள்வியைச் சிங்களத்தில்,
டோர்ச் வெளிச்சத்தில்,
அடையாள அட்டையை நீட்டியபடி கேட்ட
வயது எனக்கும் உண்டு.
எப்படி மறந்தேன் அந்த ஒரு வரியை?

பின்னேரம் லொறி திரும்பியது.
இறக்கி எண்ணினார்கள்: இருபத்தைந்து.
மற்றது எங்கே என்று
நான் கேட்கவில்லை.