அரைப் பேர்

சுரண்டச் சொன்னார்கள்.
நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, பகல் சோறு தனி.
ஓட்டலுக்குக் கீழே தண்ணீர் இறங்கிய சேற்றில்
முட்டுக்கொடுத்து நிற்கிறது
மவுசாக்கலையில் எல்லோரும் கப்பல் என்று சொல்கிற
இருபத்திரண்டு அடி இரும்பு.

மேலே வெள்ளை. போன வருஷத்து வெள்ளை.
ஆரஞ்சு அங்கி மாட்டிய ஆட்களை ஏற்றிக்கொண்டு
முங்கிப்போன டவுனின் கோயிலைக் காட்டப் போகும்.
மழை மாதத்தில் கோயில் தெரியாது.
கோயிலுக்கு மேலே நிற்கும் தண்ணீரைக் காட்டுவான் பிரசன்ன.
அதற்கும் அதே காசு.

வெள்ளைக்கு அடியில் நீலம், மீன் சங்கத்து நீலம்.
ஒரு மூலையில் இன்னும் ஒட்டியிருக்கிறது
திலாப்பியாச் செதில், வெட்டிய நகம் மாதிரி.

அதற்கும் அடியில் நிறமே இல்லை.
துரு.
கரையைச் சுற்றி ரோட்டு வந்த பிறகு
பதினொரு வருஷம் டர்பன்டைன் மரத்தடியில்
கவிழ்ந்து கிடந்ததாம். உள்ளே கோழி அடைகாத்தது.
எண்பத்து மூன்றில், ஆடியில்,
இரண்டு குடும்பம் மூன்று ராத்திரி இதற்கடியில் கிடந்ததென்று
பியதிலக ஒரே ஒரு தடவை சொன்னார்.
எந்தக் குடும்பமென்று சொல்லவில்லை.
சோறு கொண்டுபோனது யாரென்றும்.

இனி உளி வேண்டும். துருவுக்குக் கீழே பச்சை,
தோட்டத்துப் பச்சை, கல்லாக இறுகியது.
காலையில் ஆட்களை அக்கரை மலைக்கு ஏற்றும்,
மாலையில் கொழுந்துச் சாக்கை ஸ்டோருக்கு இறக்கும்.
நடுவில் சில நாள் தகரப்பெட்டிகள்:
இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் வந்தவர்கள்.
தலைமன்னாரில் பெரிய கப்பல் நிற்குமென்று சொன்னதால்
இது சின்னக் கப்பல் ஆயிற்று.
பெட்டி ஏற்றின அதே பலகையில்தான் மறுநாள் கொழுந்து.
கொழுந்தில் கற்பூர வாடை அடிக்கிறதென்று
டீமேக்கர் திட்டினாராம்.

உள்விளிம்பில் உளி தடுக்கியது.
துணி நனைத்துத் துடைத்தேன்.
கீறல்கள். பச்சையைப் பிளந்து
அதற்கும் முந்தைய சாம்பல் நிறம் தெரிகிற அளவுக்கு
ஆழமாக, வரிசை வரிசையாக.
அந்தச் சாம்பல் இலாகாவுடையது. அணை கட்டிய புதிதில்
கயிற்றில் ஈயக்குண்டு கட்டி
பழைய கடைத்தெருவின் ஆழம் பார்த்தார்கள் இதிலிருந்து.

கீறல் கவ்வாத்துக் கத்தி.
இதை என் மாமியார் சிலம்பாயி மூன்று விதமாகச் சொல்வாள்.
மூன்றிலும் மாறாதது இவ்வளவு:
பனியில் இஞ்சின் நின்றுபோனது. கரை சேர்ந்தபோது எட்டு மணி.
பெரட்டு முடிந்துவிட்டது, இன்றைக்கு அரைப் பேர்தான்
என்றார் கணக்கப்பிள்ளை, செக்ரோலை மூடிக்கொண்டே.
பதினெட்டுப் பேரும் இறங்கவில்லை.
படகைத் திருப்பு என்றார்கள் நூர்தீன் நானாவிடம்.
டீசல் தோட்டத்துடையது என்றார் அவர்.
சரி, மூங்கில் யாருடையது?
ஊன்றித் தள்ளி, நடுத்தண்ணியில் போய் உட்கார்ந்தார்கள்.
ரொட்டி தின்றார்கள். ஒருத்திக்கு வாந்தி.
அக்கரையில் கொழுந்து முற்றியது, ஸ்டோரில் ரோலர் சும்மா நின்றது.
மூன்று மணிக்குத் துரையே கரைக்கு வந்து கத்தினார்,
முழுப் பேர், முழுப் பேர் என்று.
எதிரொலித்ததால் இரண்டு நாள் பேர் என்று கேட்டதாக
மாமியாரின் இரண்டாவது விதத்தில் வரும்.

மறுநாளிலிருந்து அவர்களே கணக்கு வைத்தார்கள்.
ஒரு நாளுக்கு ஒரு கீறல்.

புட்டி போட்டு மட்டமாக்கு, வழவழவென்று இருக்கணும்,
ஆட்கள் கை வைக்கிற இடம், என்றார் மேனேஜர்.
புட்டி டின்னைத் திறந்தேன்.
பதினோரு மணிக்குச் சாமிமலைப் பக்கம் இருட்டியது.
பன்னிரண்டுக்கு மழை. புட்டி கரைந்து விரலில் வழிந்தது.
மேனேஜர் குடையோடு வந்து
வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.
இன்றைக்கு அரை நாள்தான் போடலாம், தம்பி,
இறங்கி வாங்க.

நான்
இன்னும் இறங்கவில்லை.