வெயில் சத்து

நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பேன்.
கத்திரியை எடுத்து வைக்கிற நேரத்தில்
இன்னொரு மேல்தோல் தைத்துவிடலாம்.
பேரணாம்பட்டு ஷூ கம்பெனி,
மூன்றாவது லைன், பதினோரு வருஷம்.

அன்றைக்கு வெண்ணெய் நிறத் தோலில்
கடுகளவு சிவப்பு.
செக்கிங் ஏசுபாதம் அதைத் தூக்கிப் பிடித்து
"எவ விரலு?" என்றான்.
நாற்பது பேரும் கையை விரித்துக் காட்டினோம்.
ஒரு விரலிலும் வெட்டில்லை.
நான் வாயைத் திறக்கவில்லை.

மெடிக்கலில் ஆரஞ்சு மாத்திரை கொடுத்தார்கள்.
வேனில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று.
புளித்தது, அதனால் மருந்துதான் என்று நம்பினேன்.
மூன்று வாரம்.
காலையில் தலையணை உறையில்
அதே கடுகு.

குடியாத்தம் பல் டாக்டர் கமலவேணி
கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டு
"கல்லு கட்டிக் கெடக்கு.
கல்லு மேல சத்தக் கொட்டி என்ன புண்ணியம்?" என்றார்.
அது எனக்குத் தெரிந்த பாஷை.
தோலைச் சொரசொரப்பாகத் தேய்க்காமல்
பசையை மட்டும் தடவினால்
சோல் மூன்றாம் நாள் வாயைப் பிளக்கும்.
இதற்காக ஒருத்தியைத் திட்டியும் இருக்கிறேன்.

நான்கு தடவை. நான்கு அரைநாள் கூலி.
பேசினில் துப்பியதைப் பார்க்கக் கூடாது என்றிருந்தேன்,
பார்த்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். சுகர் இல்லை.
அது போதும் என்று எழுந்தவளை உட்காரவைத்து
ஒரு வரியைப் பேனாவால் சுழித்தார்:
விட்டமின் டி, பதினொன்று.
"மேல வெயிலே படறதில்லையா?"

சிரித்துவிட்டேன்.
மரத்த உதடு ஒரு பக்கம்தான் சிரித்தது.
தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற
இந்த வேலூர்ச் சீமையில்
எனக்கு வெயில் பற்றாக்குறையாம்.
ஆனால் வேன் விடிவதற்குள் வந்துவிடும்.
ஷெட்டின் ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே.
திரும்பும்போது தெருவிளக்கு.

ஞாயிறுக்கு ஒரு பொட்டலம், பாலில் கலக்கி.
"இது கூட நடந்து வரும், அவ்வளவுதான்.
தூக்கிக்கிட்டுப் போகாது.
தெனம் பல்லிடுக்குல நூல் விடணும்."
நூலா, என்றேன்.
நூல்தான், என்றார்.

இப்போது சாப்பாட்டு மணி அடித்ததும்
ஜெனரேட்டர் ஓரம் பத்து நிமிஷம் நிற்கிறேன்,
முக்காட்டை இறக்கி, கையை மடக்கிவிட்டு.
"கருத்துருவடி" என்று நசீமா உள்ளேயிருந்து கத்துகிறாள்.
அவள் பொட்டலம் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டாள்,
முதலில் வாயைக் காட்டிவிட்டு வா என்றேன்.
கோபித்துக்கொண்டாள்.

நாக்கு சும்மா இருப்பதில்லை.
கல் இருந்த இடத்தைத் தேடிப் போகிறது,
சந்து வழியாகக் காற்று வருகிறது, கூசுகிறது.

மெஷினில் கத்திரி கட்டித் தொங்குகிறது.
ஒரு நாளைக்கு எட்டு ஜோடி குறைகிறது.
ஏசுபாதத்துக்கு இன்னும்
காரணம் சொல்லவில்லை.