கடைசிக் கழுவல்

எர்சுருமில் தேநீரில் சர்க்கரையைக் கரைப்பதில்லை.
கெட்டிக் கட்டியைப் பல்லுக்கிடையில் இடுக்கிக்கொண்டு
அதன்மேல் சூட்டை ஓடவிடுவோம்.
"டாக்டரம்மா, உங்கள் பிழைப்பே எங்கள் கட்டியால்தான்"
என்று தினமும் சொல்வார் கீழ்த்தளத் தேநீர்க்கடை ஃபெவ்ஸி.
தினமும் சிரிப்பேன். தினமும் இரண்டு கட்டி.

ஆய்வகத்தில் என்னிடம் நாற்பது பற்கள்,
எல்லாம் ஒற்றை வேர்.
ஹொராசனிலிருந்தும் இஸ்பிரிலிருந்தும்
ஈறு கைவிட்டதால் கழன்று வந்தவை.
பெயர் போய் எண் வந்தாயிற்று.

அரத்தால் சுரண்டச் சுரண்ட
பல்லின் மாவே பல்லின் சுவரில் அப்பிக்கொள்ளும்.
அதைக் கரைக்க ஒரு நீர்.
கிருமியைக் கொல்ல வேறொன்று, ஹைப்போகுளோரைட்,
குளியலறை மூலையில் நிற்கும் அதே வெளுப்பு, அதே வாடை.
மூன்றாவது குளோர்ஹெக்சிடின், சாது.
வெளுப்பின் ஈரம் போகுமுன் இதை விட்டால் மட்டும்
இரண்டும் சேர்ந்து செம்பழுப்புச் சேறாகிக் குழாயை அடைக்கும்.
தனித்தனியே நல்லவர்கள்.
எங்கள் துறைக் கூட்டங்களிலும் பார்த்திருக்கிறேன்.

எதனால் கழுவுகிறோம் என்று எல்லோரும் எழுதிவைக்கிறோம்.
எதைக் கடைசியாக விட்டோம்?
பிசின் அதன்மேல்தான் ஒட்டியாக வேண்டும்.

நிரப்பி, இறுகவிட்டு,
நுனியில் ஒரு மில்லிமீட்டர் நீங்கலாக
வேர் முழுக்க நகப்பூச்சு பூச வேண்டும்,
சாயம் விட்ட வழியில் மட்டும் நுழைய.
ஜும்ஹூரியத் தெருக் கடையில் நான்கு புட்டி சிவப்பு கேட்டேன்.
"கல்யாணமா அக்கா?"
"நாற்பது பேருக்கு. ஆளுக்கு இரண்டு பூச்சு."
"பெண் யார்?"
மீதிச் சில்லறையை எண்ணுவதுபோல் நின்றேன்.

ஏழு நாள் நீலத்தில் கிடந்தன.
வெளியே மைனஸ் இருபத்தாறு,
ஜன்னலின் உள்பக்கத்திலும் பனி.
எட்டாம் நாள் ஒவ்வொன்றாக நீளவாக்கில் பிளந்தேன்.

வெளுப்புக்குப் பின் வெறும் தண்ணீர் கண்ட பற்களில்
நுனியில் ஒரு மயிரிழை நீலம்.
வெளுப்போடே முடித்துக்கொண்ட பத்தில்
நீலம் பாதி வேர் ஏறியிருந்தது,
காவலாளி தூங்கும் கட்டடத்தின் படியில்
செருப்பைக் கழற்றாமல் ஏறியவனைப்போல.

படித்த சங்கதிதான்.
வெளுப்பு வேலை முடிந்து போகும்போது
தன் மூச்சைச் சுவரின் துளைகளில் விட்டுப் போகிறது.
அந்தப் பிராணவாயு இருக்கும்வரை பிசின் இறுகாது.
படித்தபோது தலையாட்டினேன்.
முப்பத்தோராம் எண் இரண்டாகத் திறந்தபோது
எனக்கு ருக்னெத்தின் நினைவு வந்தது.

அடுப்புக்காரர். அக்டோபரில் வந்தார், மேல்தாடைக் கோரைப்பல்.
"உங்களுக்காக" என்று ஓர் ஊசி கூடுதலாகவே வெளுப்பு விட்டேன்.
"ஹமாம் கழுவின வாசனை" என்றார் வாய் திறந்தபடியே,
எனக்குப் புரிந்தது.
காகித முனைகளால் ஒற்றி எடுத்தேன்.
உலர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.
உடனே நிரப்பினேன். படத்தில் அழகாக இருந்தது,
மாணவர்களுக்குக் காட்டினேன்.

சுத்தம் செய்வதில் கஞ்சத்தனம் கூடாது என்றுதான்
எனக்குச் சொல்லித்தந்தார்கள்.
ஒரு கோப்பைத் தண்ணீர்.
அதைத்தான் விடவில்லை.

போன் செய்தேன்.
பின்னணியில் மாவு பிசையும் எந்திரம்.
"வலிக்கிறதா?"
"இல்லையே. ஏன்?"
"குளிர்ந்ததைக் கடித்தால்?"
"இந்த ஊரில் குளிராதது எது, டாக்டரம்மா?"
"ஒருமுறை வந்துபோங்கள், படம் எடுத்துப் பார்ப்போம்."
"வலிக்கவில்லை என்கிறேனே."
நாற்பது பேரைப் பிளந்த கதையை
எங்கிருந்து தொடங்குவது?
"பனி விடட்டும், வருகிறேன்" என்றார்.

இங்கே பனி ஏப்ரலில் விடும்.

ஃபெவ்ஸி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.
கட்டியைப் பல்லில் வைத்தேன், கடிக்கவில்லை.
அது மெதுவாகக் கரைவதை
நாக்கால் தொட்டுத் தொட்டு
அளந்துகொண்டிருந்தேன்.