பட்டியலில் இல்லாத வினை

இரண்டு வயதுக்கு இரண்டு மாதம் குறைவு.
நறுமுகையிடம் பதினோரு வார்த்தைகள் இருந்தன.
பா, மா, காக்கா, லைட்டு,
மீனுக்கு உதட்டைக் குவித்து ஒரு சத்தம்,
எதிர்வீட்டு முபாரக் அண்ணனுக்கு
கிட்டத்தட்ட முழுசாக ஒரு முபாக்.
எல்லாம் ஆள், எல்லாம் பொருள்.
சாமான் அடுக்கிப் பூட்டிய குடோன் மாதிரி
அவள் வாய்க்குள் உலகம்
நகராமல் இருந்தது.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
பேச்சுப் பயிற்சி தரும் ரெஜினா மேடம்
சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினார்.
உருட்டு, தள்ளு, ஊது, கொட்டு, பொறுக்கு, ஏறு.
மொத்தம் இருபது.
"பந்து பந்துன்னு காட்டாதீங்க சார்.
உருட்டிக்கிட்டே உருட்டுன்னு சொல்லுங்க.
சொன்னதும் நிறுத்துங்க.
அவ சொல்றதுக்கு இடம் விடுங்க."

எனக்கு இது புதுசில்லை.
பதினாலு வருஷமாகக் கம்பம் ஏறுகிறவன் நான்.
மேலே நான், கீழே தன்ராஜ்.
இழு. பிடி. விடு. இறக்கு.
பெயர்ச்சொல்லுக்கு அங்கே வேலை கிடையாது.
போடாதே என்று கத்தும்போது
அதன் வாலைக் காற்று தின்றுவிட்டால்
வீட்டுக்கு என் செருப்பு மட்டும்தான் வரும்.

அதனால் ஒழுங்காகவே சொன்னேன்.
ஆறிப்போன பாலில் ஊது.
படி அரிசியைத் தரையில் கொட்டு.
சுகந்தி முறைத்தாள்,
பொறுக்கு என்பதும் பட்டியலில் உண்டு என்றேன்.
சில்வர் பீச்சில் அலை ஏறும்போது ஓடு,
இறங்கும்போது நில்.
சொன்னேன். நிறுத்தினேன். இடம் விட்டேன்.
கம்பத்து உச்சியில் இருக்கும் ஆளைத்
தெருவே அண்ணாந்து பார்ப்பது போல
என் வாயைப் பார்த்தாள்.

இத்தனைக்கும் நம்மிடம்
ஒரே எழுத்தில் வினை இருக்கிறது.
வா. போ. தா. வை.
நாலு பல் போதும்.
அதையும் சொல்லிப் பார்த்தேன்.
வா என்றால் வந்தாள், தா என்றால் தந்தாள்,
வை என்றால் என் டிபன் பாக்ஸ் மூடியைச்
சொன்ன இடத்தில் வைத்தாள்.
எல்லாம் செய்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி கடைசி.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
ராத்திரி எட்டே காலுக்குப் புதுப்பாளையம் மொத்தமும் அணைந்தது.
ஃபேன் கடைசிச் சுற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போது
இருட்டுக்குள் ஒரு குரல்,
ஆபீசுக்கு நாலாவது தடவை போன் போடுகிறவரின் சலிப்போடு:
"போச்சு."

நான் சொல்லித் தரவில்லை என்றேன்.
"தினமும் சொல்றோமே" என்றாள் சுகந்தி.
ஆமாம்.
அவளைப் பார்த்து, உதட்டை அகலமாக்கி, இருபது சொன்னோம்.
யாரையும் பார்க்காமல்,
மெழுகுவத்தி தேடிக்கொண்டே சொன்ன ஒன்றை
எடுத்துக்கொண்டாள்.

போன் அடித்தது.
மழைக்கோட்டை மாட்டிப் படியிறங்கும்போது
முதுகுக்குப் பின்னால் இரண்டு வார்த்தை, சேர்ந்து:
"பா போச்சு."
திரும்பிப் பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

கெடிலத்தின் ஓரம் மூன்று கம்பம் சாய்ந்திருந்தது,
ஒரு தூங்குமூஞ்சி மரம் அவற்றின் மேல்.
இழு. பிடி. தன்ராஜ், விடாதே.
அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும்
அவளுக்குச் சொல்வது போல
முழுசாக, மெதுவாகச் சொன்னேன்.
"என்னண்ணே, எனக்குக் காது கேக்கும்" என்றான் தன்ராஜ்.
நாலரைக்கு லைன் உயிர்பெற்றது.

வீட்டுக் கதவைத் திறந்தேன்.
ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
படுக்கையில் உட்கார்ந்திருந்தவள்
குண்டு பல்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"வந்துச்சு."

எது என்று கேட்கவில்லை.
உயர்திணை, அஃறிணை என்று
பிரம்படி வாங்கிப் படித்ததெல்லாம்
வாசலோடு நிற்கட்டும்.
கரண்ட்டும் நானும் ஒரே திணையில்,
நான் மட்டும் சொட்டச் சொட்ட.

இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று
மேடத்தின் சீட்டில் சேர்க்கப் பேனா தேடினேன்.
"முதல்ல தலையைத் துவட்டு" என்றாள் சுகந்தி.
"தொவத்து" என்றது
கட்டிலிலிருந்து ஓர் ஆணை.

துவட்டினேன்.