ஜெகபரின் கொசு

சாவியைத் திருப்பினால் முதலில்
டேங்குக்குள் ஒரு கொசு பாடும்.
பம்ப், என்பான் ஜெகபர்.

மலைக் கணவாயில் காற்று மெலிந்தால்
பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளுமாம் அவன் இன்ஜெக்‌ஷன்.
இங்கே உயரம் என்றால்
கொள்ளிடக் கரைதான்.

வைகாசி. தண்ணீர் திறக்கவில்லை.
அணைக்கரைக்குக் கீழே, நாணல் தாண்டி,
பொடிமணலில் முன்சக்கரம் புதைய
அடுத்தடுத்து விழுந்தோம்.
என் கார்புரேட்டர் குப்புறக் கிடந்து பெட்ரோல் கக்கியது.
பதினோரு உதை. பிளக்கைக் கழற்றி, ஊதி, துடைத்து,
இன்னும் நாலு.
அவன் நிமிர்த்தினான், சாவியை அணைத்துப் போட்டான்,
கொசு பாடியது, போய்விட்டான்.
சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

பொழுது சாய
நட்டாற்றில் நின்றிருந்தது அவன் வண்டி.
பேட்டரி செத்திருந்தது. கிக்கர் கிடையாது அதில்.
சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
என் பழைய வண்டியில் கயிறு கட்டினேன்.
பாடியதெல்லாம்
நிஜக் கொசுக்கள்.