கரடிப்புடவு, பத்தரை மணிச் சுற்று

சீட்டில் குகை என்று அச்சடித்திருக்கிறார்கள்.
நாங்கள் புடவு என்போம்.
பண்ணைக்காட்டுப் பக்கம், காப்பித் தோட்டம் முடிகிற வளைவில் இறங்கி
இருநூற்றுப் பதினோரு படி கீழே.
தலைக்கு அறுபது ரூபாய், தொப்பி இலவசம்.
மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி மொத்தம் பத்தொன்பது.
ஒன்றுக்கு வார் அறுந்துவிட்டது,
அது என் தலைக்கு.

இன்று பதினெட்டுப் பேர்.
"கல்லைப் பாக்க அறுபதா?" என்று கேட்டவர்
சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார்.
கேட்டுவிட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.

உள்ளே போனதும் ஒப்பிப்பேன்.
இது யானை. இது படுத்த பசு.
இது சாமி.
மதுரைக்காரர்கள் மீனாட்சியைக் கண்டுகொள்கிறார்கள்,
வேளாங்கண்ணி போய்த் திரும்புகிறவர்கள் மாதாவை.
நானாக எதுவும் சொல்வதில்லை,
டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறேன், அவ்வளவுதான்.
கரடி எங்கே என்றான் ஒரு பையன்.
லீவில் போயிருக்கிறது என்றேன்.
பதினோரு வருஷமாக அது லீவில்தான் இருக்கிறது.

வௌவாலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.
சொன்னால் நிமிர்வார்கள், நிமிர்ந்தால் கத்துவார்கள்,
தூங்குகிறவற்றை எதற்கு எழுப்ப?
அப்புறம் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகரவேண்டிய சந்து.
தொந்தி உள்ளவர்களுக்கு அங்கே திடீரென்று பக்தி வந்துவிடும்.
என் பெரியம்மா பிறந்தது அதைத் தாண்டினால் வலதுபக்கப் பள்ளத்தில்.
ஒப்பிப்பில் அதையும் சேர் என்றார் ரேஞ்சர்.
சேர்க்கவில்லை.
அறுபது ரூபாய்க்கு அது கிடையாது.

கடைசி அறையில்
செல்போனை உள்ளே வைக்கச் சொல்வேன்,
ஒளிர்கிற கைக்கடிகாரத்தையும்.
டார்ச்சை அணைத்து, மனசுக்குள் அறுபது எண்ணுவேன்.
மேலே கிடைப்பதெல்லாம் இருட்டே இல்லை.
அதில் அடுத்த வீட்டு பல்பு, டிவியின் சிவப்புப் பொட்டு,
ஏதாவது கலந்திருக்கும்.
இங்கே கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே கணக்கு.

பத்துக்குள் யாரோ சிரிப்பார்கள்.
இருபதில் ஒரு செருமல்.
முப்பதுக்கு மேல்தான் தண்ணீர் சொட்டுவது கேட்கும்,
அது முதலிலிருந்தே சொட்டிக்கொண்டிருந்தது.

முப்பத்தைந்தில்
பாறையில் ஊன்றியிருந்த என் இடது கையை
ஒரு கை பிடித்தது.

தப்பான கைகளும் வந்ததுண்டு.
அவற்றுக்கு டார்ச்சின் அடிப்பக்கம் நன்றாகத் தெரியும்.
இது அப்படி இல்லை.
பாறையைத் தேடி வந்த கை,
பாறை இல்லை என்று தெரிந்தபின்னும் விடவில்லை.
வேர்த்திருந்தது. உள்ளுக்குள் ஒரு உதறல்.
கட்டைவிரலில் பிளாஸ்டர், அதன் ஓரம் கிளம்பி
என் தோலை அறுத்துக்கொண்டே இருந்தது.

அறுபது வந்தது.
எண்ணிக்கொண்டே போனேன்.
எழுபது. எண்பத்து நான்கு.
யாரும் நேரம் கேட்கவில்லை.
தொண்ணூறில் அந்தக் கை தானாக விட்டது,
பிறகுதான் வெளிச்சம் போட்டேன்.
பதினெட்டு முகங்களும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தன.

மேலே வந்ததும் தொப்பியை எண்ணி வாங்கவேண்டும்,
குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
மருதாணிக் கை. மோதிரக் கை.
மாங்காய்த்தூள் ஒட்டிய சின்னக் கை.
பதினாறாவதாக அந்தப் பிளாஸ்டர்.
நிமிர்ந்தால்
மூன்று பேனா.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
"உள்ள ஒண்ணுமே இல்லியே" என்றார் மனைவியிடம்,
படிக்கட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி.
"ஆமா சார், வெறும் கல்லுதான்" என்றேன்.

சீட்டுக் கிழிக்கிற சவரிராயன்
பத்தரை ஏன் லேட்டு என்று கேட்டான்.
வழுக்கல் என்றேன்.

பன்னிரண்டு மணிச் சுற்றுக்குப் பதினேழு பேர்,
எல்லாரும் ஒரே கல்லூரி, ஒரே சத்தம்.
அணைத்ததும் அதே இடத்தில் கையை ஊன்றினேன்.
யாரும் பிடிக்கவில்லை.
பாறை ஜில்லென்று இருந்தது.
தொண்ணூறு வரை எண்ணினேன்.