பதினாறு கட்டம்

கருங்கல் சந்தைக்கு எதிரே மொபைல் கடை.
டிஸ்பிளே மாற்ற வந்தவர்
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கிறார்.
இருபது நிமிடத்தில் பதினாலு தடவை அசைந்தார்,
எண்ணினேன்.
கால்மேல் கால், பிறகு மறு கால்,
பர்ஸ் எடுக்கிற சாக்கில் ஒரு சரிவு,
பஸ் இரைந்தால் ஒரு எட்டிப்பார்ப்பு.
கேட்டால்
சும்மாதான் இருந்தேன் என்பார்.

சும்மா இருந்தவன் நான்.
மாறாமலையில் கிராம்பு பறிக்க ஏறி
ஒற்றை மூங்கில் ஏணி என்னை விட்ட நாளிலிருந்து
இடுப்புக்குக் கீழே
எனக்கு எந்தச் சேதியும் வருவதில்லை.
காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை
ஒரே இருப்பில் சாலிடர் வைத்தேன்.
நல்ல உழைப்பாளி என்றார்கள்.

புண்ணை முதலில் கண்டது
என் சாரம் துவைத்த ஷைலா.
ஒரு ரூபா வட்டம் என்றாள்.
டாக்டர் விரலை விட்டபோது
விரல் முழுக்க உள்ளே போயிற்றாம்.
நான் காலண்டரில்
அடுத்த விடுமுறை எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெய்யூரில் நாலு மாதம் குப்புறக் கிடந்தேன்.
கட்டில் விளிம்புக்கு வெளியே தெரிந்த தரை
நாலுக்கு நாலு, பதினாறு ஓடு.
ஒன்றில் எறும்பு நின்றால்
எது என்று சொல்லிவிடுவேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் கைவேலை:
குலசேகரத்து ரப்பர் பாலில் நுரைத்த மெத்தை,
குறுக்கும் நெடுக்கும் செம்பு நாடா,
நடுவே, அழுத்தினால் மின்சாரத்துக்கு வழிவிடும்
ஒரு கறுப்புத் தாள்.
அசையாமல் இருபது நிமிடமானால் கூவும்படி
ஒரு பஸ்ஸர்.
அது தங்கையன் மாமாவின் அடக்கத்தில்
பாஸ்டர் ‘மண்ணுக்கு மண்’ என்ற இடத்தில் கூவிற்று.

பஸ்ஸரைப் பிடுங்கி
போனில் அதிர்கிற குட்டி மோட்டாரை எடுத்தேன்.
எங்கே வைப்பது?
மெத்தையில் வைத்தால் யாருக்குத் தெரியும்?
மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.
கீழ்வீட்டுத் தபால்
மேல்வீட்டுக்கு வருகிறது,
அவ்வளவுதான்.

உடைந்த போன் ஒன்றில் படம் விரியும்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
ஏழாம் கட்டம் மட்டும்
எப்போதும் சிவப்பு.
நுரையைச் செதுக்கினேன், ஒயரை மாற்றினேன்,
ஒரு வாரம் தூங்காமல் சென்சாரைத் திட்டினேன்.
சாயா கொண்டுவந்த ஷைலா
வாசலில் நின்றே சொன்னாள்:
“லைட்டு இடத்தாக்க இருக்கு,
நீங்களும் இடத்தாக்க சரியுதிய.”
விளக்கை நடுவில் தொங்கவிட்டோம்.
ஏழு மஞ்சளாயிற்று.
மெத்தையில் ஒரு நூல்கூட மாற்றவில்லை.

இரண்டாவது மெத்தை
குளச்சல் ஜெனோவாளுக்கு.
மீன்வண்டி கவிழ்ந்து ஆறு வருஷம்,
இரண்டு தடவை தையல் போட்ட புண்.
கொடுத்த மறுநாள் படம் வந்தது.
பதினாறும் பச்சை!
மூன்று நாளும் பச்சை.
கடையில் எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் மச்சான் ஆட்டோவில் போனேன்.
அவள் பழைய தலையணைமேல் இருந்தாள்.
மெத்தை அலமாரியில்,
மடித்த சேலைகளுக்கு அடியில்.
“புதுசுல்லா மக்கா,
பெருநாளுக்கு எடுக்கலாம்னு வச்சேன்.
ராத்திரியெல்லாம் அலமாரி உறுமுது,
எலியாக்கும்னு நெனச்சேன்.”

சிரித்து முடித்து
அவளை அதில் உட்கார்த்தினோம்.
படத்தில் இரண்டு சிவப்பு மெல்ல எழுந்தது.
நல்லது, ஆள் இருக்கிறது.
சாளை மீன் விலையும்
மருமகள் போன் எடுக்காததும் பேசினோம்.
இடையில் அவள் மணிக்கட்டு நடுங்கிற்று.
பேச்சை நிறுத்தாமல்
இரு கையையும் சக்கரத்தின்மேல் ஊன்றி
உடம்பைத் தூக்கினாள்.
தூக்கிய உயரத்தில்
ஜன்னல் வழி ரோடு தெரிந்திருக்க வேண்டும்.
“ஆரு வாறா?” என்றாள்.
யாரும் வரவில்லை.
இருந்தும் கொஞ்சநேரம்
எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்,
கைகளில்.